புந்தோங்கில் பன்னிரண்டு எழுத்துகள்

ஈப்போவுக்குப் போகிற நம்மவர்கள் இரயில் நிலையத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். 1917-இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் அழகு அப்படி. பிறகு பழைய பட்டணத்தில் ஒரு கோப்பி, புதுப் பட்டணத்தில் ஒரு தட்டு கோழியும் தவ்கேயும், அவ்வளவோடு ஊர் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிவிடுவார்கள். நிலையத்தின் முதுகுப்புறம் இருக்கிற ஊரை யார் பார்க்கிறார்கள்? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மேற்கே, புந்தோங் இருக்கிறது. வாசகர்களே, இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறேன்.

புந்தோங் என்றதும் உங்கள் நாக்கில் கச்சாங் பூத்தே வந்து நிற்கும். முறுக்கும் கடலையும் பக்கோடாவும் தலைமுறை தலைமுறையாகப் பொரித்து வரும் நம் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. காலை பத்து மணிக்கு அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் எண்ணெய் காயும் வாசனையே உங்களை வரவேற்கும். அதைத் தாண்டிச் சிலிபின் சாலைப் பக்கம் திரும்பினால் வாசனை மாறிவிடும். இங்கே காய்வது இயந்திர எண்ணெய். லோரி பழுது பார்க்கும் பட்டறைகள், டயர்க் கடைகள், தகரம் அடிக்கும் இடங்கள், பழைய சாமான் கொட்டகைகள் என்று சாலை நீண்டுகொண்டே போகும்.

நான் இருப்பது சுங்கை சிப்புட் வட்டாரத்தில். கந்தான் சுண்ணாம்புக் குன்றுகளைக் கடந்து, செம்மோர் வழியாக என் சிறிய மைவி காடியில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஈப்போ வந்துவிடும். அந்தச் சனிக்கிழமை நான் ஊர் சுற்ற வரவில்லை. எங்கள் தோட்டப் பள்ளியின் நுழைவாயிலில் சிமெண்டில் புடைப்பாக எழுதிய தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. யாரோ ஒரு கொத்தனார் நல்ல மனதோடு செய்தது. மழையிலும் பாசியிலும் நிறம் போய், தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்தா, சுவரில் வந்த வெடிப்பா என்று தெரியாத நிலை. இப்போது எல்லாரும் கணினியில் அச்சடித்த பிளாஸ்டிக் பலகையை மாட்டிவிடச் சொல்கிறார்கள். பெற்றோர் சங்கத்தில் இரண்டு பேர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆள் நான். அதனால்தான் கையால் எழுதுகிற ஓர் ஆளைத் தேடிப் புறப்பட்டேன்.

அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவரைக் காட்டினார்கள். ஒரு காலத்தில் கடைப் பலகை, லோரிக் கதவு, திருவிழாப் பதாகை, திரைப்பட அரங்குத் தட்டி எல்லாம் எழுதியவர். மூன்று மொழியிலும் எழுத்து வரும். சீன எழுத்தைப் பார்த்து எழுதுவாராம், படிக்கத் தெரியாதாம். வீட்டில் இல்லை. “சிலிபின் பக்கம் ஒரு பட்டறையில் காடி சாமான் ஒன்றுக்கு எழுத்து எழுதப் போயிருக்கிறார்” என்றார் அவர் மனைவி. காடி சாமானுக்கு என்ன எழுத்து? அந்த ஆவலே என்னைப் பட்டறைக்கு இழுத்துப் போனது.

தகரக் கொட்டகை. வாசலில் இரண்டு லோரிகள். உள்ளே, துணி போர்த்தி, நீளமான பழைய காடி ஒன்று. துணியை விலக்கிக் காட்டினார் பட்டறைக்காரர். ஐம்பது வயது இருக்கும். மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ். பின்பக்க மட்கார்டு இரண்டும் மீனின் துடுப்புப்போல நிமிர்ந்து நிற்கும் பாருங்கள், அந்த வகை. 1959-க்கும் 1965-க்கும் இடையில் செய்தது. இது 1963-ஆம் ஆண்டு வண்டி. ஆறு சிலிண்டர், 2195 சிசி. மெர்சிடிஸ் காடிகளை இங்கே விற்கும் உரிமையைச் சைக்கிள் அண்டு கேரேஜ் கம்பெனி 1951-இல் பெற்றது. 1899-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பழைய கம்பெனி அது. அதற்குப் பின் நம் நாட்டு ஈய முதலாளிகளின் வாசல்களில் இந்த மூன்று முனை நட்சத்திரம் நிற்கத் தொடங்கியது.

இந்த வண்டியும் ஒரு சீனத் தவுக்கேயுடையதுதான். பட்டறைக்காரரின் தகப்பனார் அவருக்கு 1966 முதல் இருபது ஆண்டுகள் டிரைவராக இருந்தார். தவுக்கேயிடம் கிந்தாவில் ஒரு சுரங்கம். நம்மவர்கள் லம்பம் என்பார்களே, அதுதான். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றை மணல் பம்பினால் உயரத்தில் கட்டிய பாலோங்கில் ஏற்றி, ஈயத்தை அடியில் படிய வைக்கிற சுரங்கம். 1985 அக்டோபர் 24-ஆம் தேதி அனைத்துலக ஈய மன்றம் கையில் பணமில்லை என்று கைவிரித்தது. இலண்டன் சந்தையில் ஈய வியாபாரம் அன்றே நின்றது. விலை பிறகு ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கிந்தாவில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். இந்தத் தவுக்கேயும் மூடினார். டிரைவருக்குக் கொடுக்க வேண்டிய பல மாதச் சம்பளத்துக்குப் பதிலாக 1986-இல் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். கடனாளியாகப் போகிற மனிதர் கடைசியாகக் கொடுத்தது டிரைவரின் பாக்கியை. அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

சில காலம் கல்யாண ஊர்வலங்களுக்கு ஓடியது. அதன்பிறகு வீட்டுப் பக்கத்தில் தகரத்தின் கீழ் நின்றது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பட்டறையில் வேலை இல்லாமல் இருந்தபோது மகன் அதைத் திறந்தார். நாலு வருடங்களுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்த வேலை, இப்போது முடிகிற கட்டத்தில் இருக்கிறது.

மேசைமேல் கிடந்தது அந்தச் சாமான். இயந்திரத்தின் உச்சியில் வால்வுகளை மூடுகிற நீண்ட மூடி, ஒரு முழத்துக்கும் மேல் இருக்கும். அலுமினிய வார்ப்பு. அதன் முதுகில் மெர்சிடிஸ்-பென்ஸ் என்று ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்துகள் புடைத்து நின்றன. மெர்சிடிஸ் என்பது ஒரு சிறுமியின் பெயர். எமில் யெல்லினெக் என்ற வியாபாரி டைம்லர் கம்பெனியின் காடிகளுக்குத் தம் மகள் பெயரை வைத்தார். 1926-இல் டைம்லரும் பென்ஸும் ஒன்றானபோது அந்தப் பெயரோடு கார்ல் பென்ஸின் பெயர் சேர்ந்துகொண்டது.

“வார்ப்பில் எழுத்து ஏன் புடைப்பாக இருக்கிறது, குழிவாக இல்லை, சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டார் எழுத்துக்காரர், என் தொழிலை அறிந்துகொண்டு. நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார். கிந்தாவில் மணல் பம்புகளின் இரும்பு ஓடு, கூழாங்கல் அரைத்து அரைத்துச் சீக்கிரம் ஓட்டை விழும். அதனால் வார்ப்புப் பட்டறைகளுக்கு ஓயாத வேலை. இளவயதில் அவர் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். மர மாதிரியின்மேல் எழுத்துகளை ஆணியால் அடித்து, மணலில் அமுக்கி எடுப்பார்கள். மணலில் எழுத்துக் குழியும், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியும் இருக்கும். உருக்கிய உலோகம் அந்தக் குழியை நிரப்பும்போது எழுத்து நேராகவும் புடைப்பாகவும் வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மாதிரியை மணலிலிருந்து எடுக்கும்போது மணல் பெயராமல் இருக்க எழுத்தின் பக்கச் சுவர்கள் சற்றே சரிவாக இருக்க வேண்டும். தலை குறுகி, அடி அகன்று. “இந்தச் சரிவில்தான் சாயம் அடிக்கிறவன் மானம் போகிறது சார்” என்றார். நிறம் தலையில் நிற்க வேண்டும். தோளைத் தாண்டிச் சரிவில் ஒரு மயிரிழை வழிந்தாலும் எழுத்துத் தடித்து, பக்கத்து எழுத்தோடு ஒட்டியதுபோலத் தெரியும். இதிலே ‘ஈ’ எழுத்து மட்டும் நான்கு இருக்கிறது. நான்கும் அக்காள் தங்கை மாதிரி இருக்கக்கூடாதாம், ஒரே பிள்ளையாக இருக்க வேண்டுமாம்.

அந்த மூடிக்கு முன்பே ஒரு விபத்து நடந்திருந்தது. பழைய சாயத்தை எடுக்க வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அதை ஒரு இரவு முழுவதும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார்கள். இரும்புச் சாமானுக்கு அது சரி. அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா தின்றுவிடும். நுரைத்துக்கொண்டே ஹைட்ரஜன் வாயுவை விட்டுக் கரையும். இது மாணவர்களுக்கு நாம் சொல்லித் தருகிற அறிவியல்தான், ஆனால் தொட்டியில் நுரையைப் பார்த்தவன் சாயம் கரைகிறது என்றுதான் நினைப்பான். மூடி முழுவதும் அம்மைத் தழும்பு. கடைசி எழுத்தான ‘இசட்’டின் கீழ்க் கைப் பாதி காணாமல் போயிருந்தது. அலுமினியத்தை வெல்டு செய்து நிரப்பலாம். ஆனால் சூட்டில் மூடி ஒரு நூல் கோணினாலும் அடியிலிருந்து எண்ணெய் கசியும். ஆகவே இரண்டு குழம்பைக் கலந்து பூசுகிற இரும்புத்தூள் பசையை வைத்து, ஒரு நாள் காயவிட்டு, ஊசி அரத்தால் ‘இசட்’டைத் திருப்பிச் செதுக்கியிருந்தார் எழுத்துக்காரர். நான் போனபோது அது முடிந்திருந்தது. எது பழைய உலோகம், எது பசை என்று நிறத்தில் தெரிந்தது. வடிவத்தில் தெரியவில்லை.

வீட்டில் பழைய ஸ்கூட்டரோ தையல் இயந்திரமோ வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் மற்ற வேலையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் எண்ணெய் குடித்த வார்ப்பு, கழுவினாலும் சுத்தமாகாது. மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, சூடு காட்ட வேண்டும். சூட்டில் நுண்துளைகளிலிருந்து எண்ணெய் வியர்வைபோல வரும். தின்னர் துணியால் துடைத்து மறுபடி சூடு. மூன்று முறை. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலம் இருப்பதால் சாதாரண சாயம் பிடிக்காது, தோல்போல உரிந்து வரும். அதற்கென்று உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்கிற அடிப்பூச்சு விற்கிறது. அதன்மேல் கறுப்பு, மெல்லிசாக மூன்று முறை. பீய்ச்சியாயிற்றா, ஒரு வாரம் தொடக்கூடாது. நம் ஆட்களுக்கு இந்த ஒரு வாரம்தான் கஷ்டம்.

வாரம் முடிந்தது அன்றைக்கு. கறுப்பு மூடியின்மேல் கறுப்பு எழுத்துகள். நாநூறு நம்பர் தாளை ஒரு தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, எழுத்துகளின் தலையில் மட்டும் நீளவாக்கில் இழுத்தார். விரலால் தேய்க்கக்கூடாது. விரல் சதை பள்ளத்துக்குள் இறங்கி எழுத்தின் விளிம்பை மழுக்கிவிடும். எட்டு இழுப்பு, பத்து இழுப்பு. கறுப்புக்குள்ளிருந்து வெள்ளிபோல முதலில் ‘எம்’ வந்தது, பிறகு ஒவ்வொன்றாக. பிலிம் கழுவும் இருட்டறையில் படம் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி தெரியும்.

இங்கேதான் பேச்சு வந்தது. “போதும் அண்ணே, வெள்ளியாகவே விட்டுவிடுங்கள்” என்றார் பட்டறைக்காரர். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வாங்கத் தயார். ஆனால் எல்லாம் முறையாக, வெள்ளி எழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறார். பட்டறைக்காரருக்கு மகள் கல்லூரியில் சேருகிற வருடம். “எனக்கு விற்க ஆசையா சார்? லோரி பிரேக் மாற்றி எத்தனை பேரைப் படிக்க வைப்பது?” என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

அப்போது பேரப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் பழைய டிரைவர். எண்பது வயது. வெள்ளைச் சட்டை, பித்தான் கழுத்துவரை. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். என்னை வாத்தியார் என்று சொன்னதும் நிற்கிற இடத்திலேயே கைகூப்பினார். அந்த மரியாதைக்கு நான் தகுதியா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மேசையருகே வந்து மூடியைக் கையால் தேடினார். விரல்கள் நேராக எழுத்துக்குப் போயின. முதலெழுத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தார்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது வாத்தியாரே. இருபது வருசம், தினம் காலையிலே ஐந்தரை மணிக்குப் பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியாலே இதைத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெய் பார்ப்பேன். கைக்குத் தெரியும்” என்றார். ‘இசட்’டுக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்ப ஒரு முறை தடவினார். “இது வேற கை” என்றார். எழுத்துக்காரர் என்னைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு கேட்டார்: “சிவப்பு ஆச்சா?”

தவுக்கேக்குச் சிவப்புதான் வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டுக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டும்போதே, இயந்திர மூடியின் எழுத்துகளுக்கும் சிவப்பு பூசச் சொல்வாராம். காடிக்கும் புது வருடம் வர வேண்டாமா? வருடா வருடம் பூசியவர் டிரைவர்தான். கடைசியாகப் பூசியது 1985-இல். அந்த வருடக் கடைசியில்தான் எல்லாம் முடிந்தது.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்பா, வாங்குகிறவர் வெள்ளி கேட்கிறார். ஜெர்மனியில் சிவப்பெல்லாம் கிடையாது என்கிறார்” என்றார் மெதுவாக.

“அவர் ஜெர்மனியிலே இருந்து வாங்கவில்லையே. என்கிட்டேயிருந்துதானே வாங்கப் போகிறார்” என்றார் பெரியவர்.

பழைய காடி வைத்திருப்பவர்களிடையே இந்த வழக்கு ஓயாத வழக்கு. தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் நிறுத்துவதா, ஓடிய காலத்துக் கோலத்தில் நிறுத்துவதா? இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி பெரியவர் கட்சி. ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்டப் போவது நான் அல்லவே.

வழி சொன்னவர் எழுத்துக்காரர்தான். தொழில் தெரிந்தவனுக்குத்தான் சமாதானமும் தெரியும் போலிருக்கிறது. “தம்பி, கறுப்பு பள்ளத்திலே இருக்கிறது, சிவப்பு தலையிலேதானே நிற்கப் போகிறது? இன்றைக்குப் பூசுகிறேன். விலை முடிந்து அவர் பணம் கொடுக்கிற அன்றைக்கு இதே நாநூறு தாளாலே பத்து நிமிஷம் இழுத்தால் சிவப்பு போய்விடும், வெள்ளி வந்துவிடும். கறுப்புக்கு ஒரு சேதமும் இல்லை. அதுவரைக்கும் ஐயாவுடைய வண்டிதானே?”

மகன் தலையாட்டினார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மணி பதினொன்று. ஈப்போவில் பிற்பகல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஈரக் காற்றில் பூசினால் எனாமல் மினுக்கம் குன்றிவிடும். எழுத்துக்காரர் அவசரப்பட்டார். தூரிகை எடுப்பார், கையைத் தாங்க அந்தக் குறுக்குக் கோலை எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் எடுத்தது ஒரு சிறிய ரப்பர் உருளை. கண்ணாடித் தகட்டில் சிவப்பு எனாமலைச் சொட்டாக விட்டு, உருளையால் முன்னும் பின்னும் உருட்டி, தாள்போல மெல்லிசாகப் பரப்பினார். “கை முன்னைப்போல நிற்பதில்லை சார். நடுங்குகிற கையாலே தூரிகை பிடித்தால் அது எழுத்துக்குச் செய்கிற துரோகம்” என்றார். சொல்லிவிட்டு உருளையை மூடியின்மேல் ஒரே ஒரு முறை, தன் கனத்திலேயே போவதுபோல, ‘எம்’மிலிருந்து கடைசிவரை விட்டார்.

பதினோர் எழுத்து சிவந்தன. சரிவில் ஒரு துளி இல்லை. ‘இசட்’ மட்டும் பாதி சிவப்பு, பாதி சாம்பல். பசையால் கட்டிய கை மற்றதைவிடத் தாளளவு தாழ்ந்திருந்தது. உருளை அதைத் தொடாமல் போய்விட்டது. பெரியவர் விரல் கண்டுபிடித்ததும் அந்தத் தாழ்வைத்தான்.

இனி தூரிகைதான் வேண்டும். எழுத்துக்காரர் சட்டைக் கையை மடித்தார். அணில் முடித் தூரிகை, நுனி எறும்புக் கால்போல. இடது கையில் கோலைப் பிடித்து மூடியின் குறுக்கே சாய்த்தார். வலது கை மணிக்கட்டை அதன்மேல் வைத்தார். கை நடுங்கியது, உண்மைதான். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் இருக்கிற இடைவெளியில் ஒரு கோடு இழுத்தார். மறுபடி மூச்சு. மறுபடி ஒரு கோடு. மூன்று கோட்டில் ‘இசட்’ முடிந்தது. பட்டறையில் லோரி டயரைத் தட்டிக்கொண்டிருந்த பையன்கூடத் தட்டுவதை நிறுத்தியிருந்தான்.

“காய்ந்ததா?” என்று கேட்டார் பெரியவர், கையை நீட்டிக்கொண்டே. “நாளைக்கு மாமா, நாளைக்கு. இன்றைக்குத் தொட்டால் விரல் சிவந்துவிடும்” என்று சிரித்தார் எழுத்துக்காரர். அந்த மூடி கொதிக்கிற தண்ணீர் அளவு சூடு தாங்கினால் போதும், புகைக்குழாய்போலச் சிவக்கக் காய்வதில்லை, ஆகவே நல்ல எனாமலே போதும் என்று எனக்கு விளக்கினார். மூடியைத் திருப்பிப் பூட்டும்போது நட்டுகளை முரட்டுத்தனமாக முறுக்கக்கூடாது என்று பட்டறைக்காரர் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளி நுழைவாயிலின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். சிமெண்டு எழுத்துக்கு உருளை ஆகாது, தூரிகைதான், சாரம் கட்டித் தர வேண்டும் என்றார். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், எழுத்தின் முனை உதிர்ந்துவிடும் என்றார். “உங்கள் ‘ழ’வுக்குக் கால் உடைந்திருக்கிறதே சார், யாரும் பார்க்கவில்லையா?” என்று கேட்டார். தினம் அதன் அடியில் நடந்து போகிற நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஆறு ஆசிரியர்களும் பார்க்கவில்லை. மார்ச் விடுமுறையில் வருவதாகவும், முதல் நாள் சிமெண்டு வேலைக்கு, மூன்றாம் நாள்தான் சாயம் என்றும் சொல்லி, சாமான் பட்டியலை ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையிலும் எழுத்து வரிசை தப்பவில்லை.